புழக்கடைப் பறவைகளுக்கும் ஒரு பேரேடு வேண்டும்

இளவேனில் பிறந்ததும் குளிர்நாட்டு மக்கள் வானத்தை நோக்குகின்றனர். பனிக்காலம் முழுவதும் வெறுமையாய்க் கிடந்த மரங்களுக்குப் பறவைகள் திரும்பி வருகின்றன. முதல் தகைவிலானைக் கண்ட நாளை அவர்கள் திருநாளைப் போலக் கொண்டாடுகின்றனர். நம் நாட்டிலோ முறை வேறு. அவர்களுக்கு வரவுக் காலமாக இருப்பது நமக்குச் செலவுக் காலம். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நம் கொல்லைக்கும் கொடிக்காலுக்கும் ஏரிக்கரைக்கும் வந்து தங்கிய பறவைகள், பங்குனிக் கடைசிக்கும் சித்திரை நடுவுக்கும் இடையே ஒன்றன்பின் ஒன்றாக விடைபெறுகின்றன. அவை சொல்லிக் கொண்டு போவதில்லை, நாமும் வழியனுப்புவதில்லை.

நெசவாளரும் விவசாயிகளும் உறுப்பினராக உள்ள ஒரு சங்கத்தின் இதழில் பறவைகளைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்களிற் சிலர் கேட்கலாம். கூலி உயர்வு, நூல் விலை, விளைபொருள் விற்பனை ஆகியவற்றைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் குருவிக்கு இடமேது என்பது நியாயமான கேள்விதான். இக்கட்டுரையை முடிவுவரை படிப்போர், இதுவும் நம் வரவு செலவைச் சார்ந்த செய்தியே என்பதை ஒப்புக்கொள்வர் என்று நம்புகிறோம்.

வந்து போவோர் யாவர்?

நம் புழக்கடைக்கு வரும் வெளியூர் விருந்தினர் சிலரை முதலில் அறிமுகப்படுத்துவோம். இவர்களைக் காண்பதற்குத் தொலைநோக்குக் கருவியும் வேண்டியதில்லை, காட்டுக்குப் பயணமும் வேண்டியதில்லை. கிணற்றடியும், ஒரு முருங்கை மரமும், சருகு கூட்டாத ஒரு மூலையும் இருந்தாற் போதும்.

ஆறுமணிக்குருவி என்று நம் முன்னோர் பெயரிட்ட பறவையொன்று உண்டு. பச்சை முதுகும், இளமஞ்சள் மார்பும், வயிற்றடியில் குங்குமச் சிவப்பும், கண்ணை ஒட்டிக் கரும்பட்டையும் கொண்டது. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை ஒலிப்பதால் இப்பெயர் பெற்றது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, பின்னர்த் தெற்கே வந்து தமிழகத்திலும் இலங்கையிலும் தங்குகிறது. மரநிழலில் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்னும். நெடுவழி பறந்து களைத்து வந்த நாட்களில் வீட்டுக் கூடத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் விழுந்து கிடப்பதுண்டு. அத்தகைய பறவையைக் கண்டால் காற்றுப் புகும் அட்டைப் பெட்டியொன்றில் இருட்டாக வைத்துச் சில மணி நேரம் இளைப்பாறவிட்டு, பூனை அணுகாத மரத்தடியில் விட்டுவிடுதல் நலம். வாயைத் திறந்து நீரோ சோறோ புகட்டுதல் கூடாது.

கொடிக்கால் வாலாட்டி என்பது மற்றொன்று. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நம் உறுப்பினர்க்கு இப்பெயரே அதன் முகவரியைச் சொல்லிவிடும். அகத்தி நிழலில், ஈரத் தரையில், தனியே நடந்து இரை பொறுக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். இதன் பிறந்தகம் கிழக்காசியா. கொரியா, வடகிழக்குச் சீனா, ருஷ்யாவின் கீழ்க்கோடி ஆகிய இடங்களில் கூடுகட்டும் இனம், நம் வெற்றிலைத் தோட்டத்தைத் தேடி வந்து பனிக்காலத்தைக் கழிக்கிறது. அதன் பெயரில் நம் பயிரின் பெயர் இருப்பதே நம்மவர் அதை எவ்வளவு காலமாக அறிந்திருக்கின்றனர் என்பதற்குச் சான்று.

நெசவாளர் விரும்பிப் பார்க்கத்தக்கது அரசவால் ஈபிடிப்பான். முதிர்ந்த ஆண்பறவைகளில் வெண்ணிறம் பூண்டவற்றிற்கு, முறுக்கவிழ்ந்த வெண்பட்டு இழைகள் இரண்டைப் போல வால் நீண்டு தொங்கும். பறக்கும்போது அவ்விழைகள் அலையலையாய் நெளியும் அழகைக் கண்டவர் மறவார். இளம் பறவைகள் செம்பழுப்பு நிறத்தன. இவையும் வடக்கே சென்று கூடுகட்டுவன.

வேலியோரத்து முள்ளில் அமர்ந்து கரகரத்த குரலில் கத்தும் பழுப்புக் கீச்சான், மங்கோலியாவும் சைபீரியாவும் போன்ற வடநிலங்களிலிருந்து வருவது. புதருக்குள் மறைந்து ‘டக், டக்’ என்று, நாடா தறியோரத்தில் முட்டும் ஓசைபோல ஒலித்துக் கொண்டிருக்கும் சிறிய மண்ணிறக் குருவி நாணற் கதிர்க்குருவி இனத்தைச் சேர்ந்தது. அதன் எடை பத்துப் பன்னிரண்டு கிராமுக்கு மேல் இராது. அந்தச் சிற்றுயிர் பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள பரப்பில் பிறந்து, மலையும் பாலையும் கடந்து நம் கிளுவை வேலிக்கு வருகிறது. புறப்படுமுன் சித்திரைத் தொடக்கத்தில் அது வழக்கமான ஒற்றை ஒலியை விட்டுப் பாடவும் தொடங்கும். அப்பாட்டே அதன் விடைபெறும் சொல் எனலாம்.

கூட்டமாய் வருவது சூறைக்குருவி. இதைச் சோளக்குருவி என்றும் அழைப்பர். கறுப்புத் தலையும் இறக்கையும், ரோஜா நிறம் பாய்ந்த உடலும் உடையது. மைய ஆசியப் புல்வெளிகளிலிருந்து ஆடி, ஆவணியிலேயே வந்துவிடும். சித்திரை நடுவுக்குள் கூட்டம் கூட்டமாய்ப் போய்விடும். இதைப் பற்றி நம் விவசாயிகளுக்குள்ள மனக்குறையைப் பின்னர்ப் பேசுவோம்.

போகும் நாளை எவ்வாறு அறிகின்றன?

வடநாட்டில் இன்னும் பனி முழுதும் உருகாதிருக்க, இங்கே கொல்லையில் இருக்கும் பறவைக்குப் புறப்படும் நாளை யார் உணர்த்துகின்றனர்? பகற்பொழுதின் நீளமே முதன்மையான குறிப்பு என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். தமிழகத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மணி நேர வேறுபாடுதான். அச்சிறு மாற்றத்தையும் பறவையின் உடல் உணர்கிறது. பசி மிகுகிறது, தோலுக்கடியில் கொழுப்புச் சேர்கிறது. அக்கொழுப்பே வழிச்செலவுக்கான கைப்பணம். நெடுந்தூரம் பறக்கும் சில சிறு பறவைகள் பயணத்துக்கு முன் தம் எடையை இருமடங்கை ஒட்டி உயர்த்திக் கொள்வதுண்டு. பெரும்பாலான சிறு பறவைகள் இரவில் பறந்து, விண்மீன்களின் இருப்பையும் பூமியின் காந்தத்தையும் வழிகாட்டியாகக் கொண்டு செல்கின்றன. பகலில் இறங்கி இரை தேடுகின்றன.

இங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி இருக்கிறது. மாசியும் பங்குனியும் அப்பறவைகள் கைப்பணம் சேர்க்கும் மாதங்கள். அம்மாதங்களில் அவற்றுக்குப் பூச்சி கிடைக்க வேண்டும், நீர் கிடைக்க வேண்டும், மறைந்திருக்கப் புதர் கிடைக்க வேண்டும். அதே மாதங்களில்தான் அறுவடை முடிந்த கையோடு நாம் வேலியை வெட்டுகிறோம், சருகைக் கொளுத்துகிறோம், ஏரியும் குட்டையும் வற்றுகின்றன, கோடைப் பயிருக்கு மருந்தடிக்கிறோம். நெடும்பயணத்துக்குச் சோற்று மூட்டை கட்டிக்கொண்டிருப்பவனின் கையிலிருந்து மூட்டையைப் பறிப்பதற்கு இது ஒப்பாகும். வன்மம் கொண்டு ஒருவரும் இதைச் செய்வதில்லை. கணக்குப் பாராமையால் நேர்வதே இது.

கண்டவர் சொல்லும் கணக்கு

நாடெங்கும் உள்ள பறவை ஆர்வலர் முப்பதாயிரம் பேர் எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டி, இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையொன்று 2023-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. 942 இனங்கள் அதில் ஆராயப்பட்டன. அவற்றுள் நீண்ட காலப் போக்கைத் திட்டமாகக் கூறத்தக்க அளவு குறிப்புகள் இருந்தவை 338 இனங்கள். அந்த 338-இல் 204 இனங்கள் குறைந்து வருகின்றன. நெடுந்தூரம் வலசை போகும் பறவைகள், ஊரிலேயே தங்கும் பறவைகளைவிட மிகுதியாகக் குறைந்துள்ளன என்பதும் அவ்வறிக்கையிற் கண்ட செய்தி.

இக்கணக்கு எவ்வாறு கிடைத்தது என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். இது ஒரு சில பேரறிஞர்கள் மட்டும் காட்டில் திரிந்து கண்ட முடிவன்று. ஆசிரியர், மாணவர், அலுவலர், இல்லத்தரசியர் எனப் பலரும் தத்தம் வீட்டருகில் கண்டதைக் கண்டவாறே எழுதியதன் தொகுப்பு. வலசைப் பறவைகளின் வருகையையும் புறப்பாட்டையும் பொதுமக்கள் குறித்தனுப்பும் முயற்சி நம் நாட்டில் 2007-இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1998-இல் தொடங்கிய புழக்கடைப் பறவைக் கணக்கெடுப்பு, 2013 முதல் உலகெங்கும் பிப்ரவரி மாதத்தில் நான்கு நாட்கள் நடைபெற்று வருகிறது. அதில் பங்குகொள்ளக் கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினாற் போதும். தமிழகத்தில் பொங்கல் நாட்களிலும் அத்தகைய கணக்கெடுப்பு நடைபெறுகிறது.

ஆயினும் இக்குறிப்புகளில் நகரத்தார் பங்கே பெரிது. பறவைகள் தங்கும் வேலியும் கொடிக்காலும் வயலும் யாரிடம் உள்ளனவோ, அவர்களின் கையெழுத்து அப்பேரேட்டில் குறைவாகவே காணப்படுகிறது. நிலம் நம்முடையது, மரம் நம்முடையது, விருந்தினரும் நம்முடையவர்; கணக்கு மட்டும் பிறர் எழுதுவதா?

கடைசி நாளைக் குறிப்பது எளிதன்று

பறவை வந்த நாளைக் குறித்தல் எளிது. நேற்று இல்லாதது இன்று கண்ணிற்படுகிறது; மகிழ்ந்து எழுதிவிடுகிறோம். போன நாளைக் குறித்தல் அத்தகையதன்று. கீச்சான் இன்று வேலியில் இருக்கிறது. நாளையும் இருக்கும் என எண்ணி விட்டுவிடுகிறோம். ஒரு வாரம் கழித்து, ‘அந்தக் குருவியின் குரலைக் காணோமே’ என்று தோன்றுகிறது. எந்நாளில் போயிற்று என்பதைச் சொல்ல இயலாது. ஆதலால் புறப்பாட்டை அறிய விரும்புவோர் நாள்தோறும் எழுத வேண்டும். கண்டால் கண்டோம் என்றும், காணாவிடில் காணவில்லை என்றும் எழுத வேண்டும். ‘காணவில்லை’ என்ற வரியும் ஒரு கணக்கே. வரவு இல்லாத நாளிலும் நாள்வழிக் குறிப்பை முடித்துக் கையெழுத்திடும் நம் சங்க எழுத்தர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் இவ்வாறு எழுதி வந்தால் விளையும் பயன் என்ன? ஒரு பறவை பத்தாண்டுக்கு முன் எந்நாளில் புறப்பட்டது, இப்போது எந்நாளில் புறப்படுகிறது என ஒப்பிட்டுப் பார்க்கலாம். கோடை முந்துகிறதா, மழை பிந்துகிறதா என்பதற்கும் அது ஓர் அளவுகோலாகும். வலசை போகும் பறவைகளிற் சில முந்திய ஆண்டு தங்கிய அதே இடத்துக்குத் திரும்புவதை, காலில் வளையமிட்டுப் பார்த்து அறிந்துள்ளனர். நம் வேலிக்கு ஆண்டுதோறும் வரும் கீச்சான் அதே பறவையாகவே இருக்கக்கூடும். அது ஓராண்டு வாராமற்போனால் வழியில் எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது என்றோ, நம் வேலியில் ஏதோ குறை வந்துவிட்டது என்றோ எண்ணிப் பார்க்க இடமுண்டு.

ஒருவர் அடித்த மருந்து

வலசைப் பறவை எந்த நாட்டுக்கும் முழு உரிமையான சொத்தன்று. அது பல நிலங்கள் பங்கு போட்டு வைத்துள்ள கூட்டு முதல். ஒரு பங்குதாரர் கடமை தவறினால் எல்லோர் முதலும் கரையும். இதற்கு நேர்ந்த சான்று ஒன்றைக் கூறுவோம்.

வட அமெரிக்காவில் கூடுகட்டும் ஒருவகைப் பருந்து, பனிக்காலத்தில் தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவுக்குச் சென்று வயல்களில் வெட்டுக்கிளிகளைத் தின்று வாழ்கிறது. வெட்டுக்கிளியை ஒழிப்பதற்காக அந்நாட்டு விவசாயிகள் மோனோகுரோட்டோபாஸ் என்னும் மருந்தைத் தெளித்தனர். 1995, 1996-ஆம் ஆண்டுகளின் பருவத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகள் வயல்களில் செத்து விழுந்தன. வெட்டுக்கிளியைத் தின்று விவசாயிக்குக் கூலியில்லாமல் வேலை செய்து வந்த பறவையே, வெட்டுக்கிளிக்கு வைத்த நஞ்சால் மாண்டது. வடக்கே அதன் வரவை எதிர்நோக்கியிருந்தவர்களோ காரணத்தை உடனே அறியவில்லை. அலைபரப்பிக் கருவி பூட்டிய பறவைகளைத் தொடர்ந்து சென்றபோதே உண்மை வெளிப்பட்டது.

இம்மருந்தின் பெயர் நம் பருத்தி விவசாயிகளுக்குப் புதிதன்று. காய்கறிப் பயிர்களுக்கு இதைத் தெளிக்கக் கூடாதென்று 2005-இல் இந்திய அரசு தடை விதித்தது. பெருவழக்கிலிருந்த அதன் 36 சதவீதக் கரைசலை 2023-ஆம் ஆண்டின் ஆணை விலக்கியது. சட்டம் ஒன்றை விலக்கினால் சந்தைக்கு வேறொன்று வந்து சேரும். ஆதலால் மருந்தின் பெயரைப் பார்த்து அமைதியடைவதைவிட, எப்போது, எங்கே, எவ்வளவு தெளிக்கிறோம் என்பதைப் பார்த்துக் கொள்வதே அறிவுடைமை. பருத்தியை விளைப்பவரும் அப்பருத்தியில் நெய்பவரும் ஒரே குடும்பத்தினர். ஒரு முழத் துணிக்குள் எத்தனை நஞ்சு செலவாகிறது என்று கேட்கும் உரிமை தறியில் அமர்பவருக்கும் உண்டு.

சூறைக்குருவியின் வழக்கு

இனி, விவசாயிகளின் மனக்குறைக்கு வருவோம். ‘சோளக் கதிர் பால் பிடித்து முற்றும் நேரத்தில் சூறைக்குருவி மேகம்போல் இறங்குகிறது, எங்கள் உழைப்பை அரை நாளில் சூறையாடுகிறது, இதற்கு நாங்கள் நீர் வைக்க வேண்டுமா?’ என்கின்றனர். பெயரே அதன் மீதுள்ள குற்றச்சாட்டாக இருக்கிறது. இக்குறை பொய்யன்று. கம்பும் சோளமும் பயிரிடுவோர்க்கு அதனால் இழப்பு நேர்கிறது. இதை மறைத்துப் பறவைப் புகழ் பாடுவது நேர்மையாகாது.

ஆனால் வழக்கின் மறுபாதியையும் கேட்க வேண்டும். கதிர் முற்றும் சில நாட்கள் போக, எஞ்சிய காலத்தில் அது தின்பது வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளையும், ஆல், அரசு முதலான மரங்களின் பழங்களையும் ஆகும். பழம் தின்று விதையைப் பரப்புகிறது. தாயகத்தில் அதன் முதன்மையான இரை வெட்டுக்கிளியே. சீனத்தின் சிஞ்சியாங் மாநிலத்தில் புல்வெளிகளை வெட்டுக்கிளி அழித்துவந்தபோது, 1980-ஆம் ஆண்டுகள் முதல் கற்குவியல்களும் செயற்கைக் கூடுகளும் அமைத்து இப்பறவையை வரவழைத்தனர். மருந்துச் செலவைக் குறைக்கும் வழியாக அம்மக்கள் அதைப் போற்றுகின்றனர். இங்கே சூறையாடுபவன் என்று பெயர் பெற்றது அங்கே காவற்காரன் என்று பெயர் பெற்றிருக்கிறது.

ஆகவே எம் கருத்து இது. கதிர் முற்றும் இருவார காலம் பரண் கட்டித் தகரம் தட்டியும் கவண் சுழற்றியும் ஓட்டுதல் விவசாயியின் உரிமை. பல வயல்காரர் சேர்ந்து ஒரே காலத்தில் விதைத்தால் கதிரும் ஒரே காலத்தில் முற்றும். இழப்பு ஒருவர் தலையில் விழாமல் பலர்மேல் பரவும். காவலையும் முறைவைத்துக் கொள்ளலாம். இது கூட்டுறவினால் ஆகக்கூடிய காரியமே. தானியத்தில் நஞ்சு கலந்து தூவுவதும், வலைகட்டிப் பிடித்து விற்பதும் ஒருகாலும் ஏற்கத்தக்கன அல்ல. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறோம். சட்டத்துக்கு முன்பே, வந்தோரைக் காக்கும் வழக்கம் நம்மவரிடம் இருந்தது.

நம் ஊர்கள் காட்டிய வழி

அவ்வழக்கத்துக்கு வேடந்தாங்கலே சான்று. அவ்வூர் ஏரியில் தங்கும் நீர்ப்பறவைகளை வேட்டையாடக் கூடாதென்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊரார் ஆங்கிலக் கலெக்டரிடம் முறையிட்டு உரிமை பெற்றனர். 1936-இல் அது அரசால் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஊரார் பறவைகளைக் காத்ததற்கு இரக்கம் மட்டும் காரணமன்று. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர். அறமும் ஆதாயமும் ஒரே வாய்க்காலில் பாய்ந்தன.

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை அடுத்த கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊர் முழுவதும் ஒருமனப்பட்டுக் குழந்தைகளின் விருப்பத்தையும் அடக்கிக் கொள்வதென்றால், அது எளிதான செயலா? ஒரு வீட்டார் மட்டும் வெடி வாங்காதிருந்து பயனில்லை. எல்லா வீட்டாரும் சேர்ந்து வாங்காதிருக்க வேண்டும். ஏரிப் பறவைக்கு இயன்றது புழக்கடைப் பறவைக்கும் இயலும். வேறுபாடு ஒன்றே. ஏரிப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூடி எல்லோர் கண்ணிலும் படுகின்றன. கொல்லைக்கு வருவது தனித்து வருகிறது; புதருக்குள் மறைந்திருக்கிறது; அதற்காகப் பேச ஊர்க்கூட்டம் கூடுவதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கன

நம் சங்கங்கள் இவ்வாண்டே மேற்கொள்ளத்தக்க காரியங்கள் சிலவற்றை முன்வைக்கிறோம். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை.

முதலாவது, உயிர்வேலியைக் காத்தல். கிளுவையும் நொச்சியும் ஆடாதோடையும் கொடுக்காப்புளியும் நின்ற இடங்களில் இன்று கல்தூணும் கம்பியும் நிற்கின்றன. கம்பிவேலி நிலத்தை அடைக்கும். நிழலும் தராது, தழையும் தராது, பறவைக்கு இடமும் தராது. இருக்கும் உயிர்வேலியை வெட்டிச் சீராக்க வேண்டியிருப்பின், மாசி முதல் சித்திரை முடியும்வரை பொறுத்துக் கொள்ளலாகாதா? ஒரேயடியாக வெட்டாமல் ஓராண்டு ஒரு பக்கமும் மறு ஆண்டு மறு பக்கமுமாக வெட்டினாலும் நன்றே.

இரண்டாவது, அம்மூன்று மாதங்களில் கொல்லையிலும் வேலியோரத்திலும் கடும் நஞ்சுகளைத் தெளியாதிருத்தல். இன்றியமையாத இடத்தில் வேப்பங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தலாம். பருத்தி வயலில் பறவை அமர்வதற்குக் குச்சிகள் நட்டால் கரிச்சான் முதலியன வந்தமர்ந்து புழுவைப் பொறுக்கும். வேளாண்மைத் துறையினர் நெடுநாளாகக் கூறிவரும் யோசனைதான் இது. கடனுக்கு மருந்து வழங்கும் சங்கம், மருந்து குறைந்த வழியையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

மூன்றாவது, பாவடி மரங்களைக் காத்தல். விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் இடத்தில் நிழலுக்காக முன்னோர் மரம் வைத்தனர். பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இயங்குவதும் அந்த விடியற் பொழுதே. பாவடியில் நிற்கும் நெசவாளரைப்போல் பறவைகளைக் காணும் வாய்ப்புப் பெற்றவர் வேறெவருமிலர். பாவடிகள் சில ஊர்களில் சுருங்கி வருகின்றன. மரம் போனால் பாவு தோய்ப்போர் தலையிலும் வெயில், பறவைக்கும் வெயில்.

நான்காவது, நீர். அகன்ற மண்சட்டியொன்றில் இரண்டு விரற்கடை ஆழம் நீர் ஊற்றி, பூனை பாய முடியாத திறந்த இடத்தில் வைத்து, நாள்தோறும் மாற்றினாற் போதும்.

ஐந்தாவது, தலைப்பிற் கூறிய பேரேடு. ஒவ்வொரு சங்க அலுவலகத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். தேதி, இடம், பறவையின் உள்ளூர்ப் பெயர், எண்ணிக்கை, கண்டவர் பெயர் என ஐந்து பத்திகள் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அளவையும் ஒலியையும் எழுதலாம். தெரிந்தவர் பின்னர் நிரப்புவர். உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்வர் என்பதில் ஐயமில்லை. கைபேசி வழியாக நாட்டுக் கணக்கில் சேர்க்க அறிந்த இளைஞர் ஒருவர், வாரம் ஒருமுறை அக்குறிப்புகளைச் சேர்த்துவிடலாம். உள்ளூர்ப் பெயர்களை விடாது எழுத வேண்டும் என்பது எம் தனிப்பட்ட வேண்டுகோள். பஞ்சுருட்டான், தகைவிலான், தையல்சிட்டு, கொடிக்கால் வாலாட்டி போன்ற பெயர்கள் நம் தொழிலோடும் நிலத்தோடும் ஒட்டியவை. பறவை போனாலும் பெயர் போனாலும் இழப்பு நமதே.

‘நேரம் எங்கே?’ என்பது இறுதித் தடை. தறியில் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவரிடமும், இரவில் மின்சாரம் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுபவரிடமும் ஓய்வு நிறைய இருப்பதாக நாம் கூறமாட்டோம். பறவை பார்ப்பதற்கென்று தனி நேரம் ஒதுக்குமாறு கேட்கவுமில்லை. தறியில் அமர்ந்தவாறே காதிற் படுவதையும், மடை திறக்கப் போகும்போது கண்ணிற் படுவதையும் ஒரு வரி எழுதுமாறே கேட்கிறோம். நாடெங்கும் திரண்ட மூன்று கோடிக் குறிப்புகள் அவ்வாறு ஒவ்வொரு வரியாகச் சேர்ந்தவையே. சிறுதுளிப் பங்குத் தொகையிலிருந்து சங்கங்களை வளர்த்த நமக்கு, ஒரு வரியின் வலிமை தெரியாததன்று.

இவ்விதழ் உறுப்பினர் கைக்குக் கிடைக்கும் நாளில் பங்குனி பிறந்திருக்கும். கொல்லைகளில் இன்னும் சில வாரங்களுக்குக் கீச்சானும் கதிர்க்குருவியும் இருக்கும். சங்கங்களின் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மேற்கண்ட ஐந்து பொருள்களையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துத் தீர்மானம் நிறைவேற்றுமாறும், நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தை இப்பங்குனியிலேயே தொடங்குமாறும் தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கிறோம். எந்தச் சங்கத்தின் பேரேட்டில் எந்தப் பறவை எந்நாள்வரை காணப்பட்டது என்னும் விவரத்தை எழுதியனுப்பினால், வைகாசி இதழில் ஊர்வாரியாக வெளியிடுவோம்.